கடனுக்குப் பெயர் முன்னேற்றமா?

மகளிர் மேம்பாடு என்றாலே மேடையில் ஒரு பெரிய அட்டைக் காசோலை வந்துவிடும். ஒரு முனையைச் சிறப்பு விருந்தினர் பிடித்திருப்பார், மறுமுனையைக் குழுத் தலைவி பிடித்திருப்பார், சுற்றிலும் கைதட்டல். மறுநாள் செய்தித்தாளில் "இத்தனை மகளிர் குழுக்களுக்கு இத்தனை கோடி ரூபாய் கடனுதவி" என்று தலைப்பு. படிப்பவர்களும் "பரவாயில்லையே, பெண்களுக்கு இவ்வளவு செய்கிறார்களே" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

ஆனால் அந்த அட்டையில் எழுதியிருக்கும் தொகை அந்தப் பெண்களுக்குக் கிடைத்த பணமா? இல்லை. அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய பணம்! "கடனுதவி" என்ற சொல்லே வேடிக்கையானது. வட்டி போட்டுத் திரும்ப வாங்குவதை எந்த அடகுக்கடைக்காரரும் உதவி என்று சொல்லிக்கொள்வதில்லை. அரசாங்கமும் வங்கிகளும் மட்டும்தான் சொல்கின்றன.

கணக்குப் பதிவியலின் முதல் பாடமே இதுதான். கடன் வாங்கினால் அது வருமானம் ஆகாது. இருப்புநிலைக் குறிப்பில் அது பொறுப்புகள் பக்கத்தில்தான் உட்காரும். பதினோராம் வகுப்பு மாணவன் கடனை வருமானமாக எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். முப்பது வருடங்களுக்கு மேலாக ஏழைப் பெண்களின் முன்னேற்றத்தை இப்படித்தான் தப்பாக எழுதி வருகிறார்கள். சுழிக்கத்தான் ஆளில்லை.

ராயகிரியில் ஒரு தவணை நாள்

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி ராயகிரி. நெல், கரும்பு, தென்னை, எலுமிச்சை என்று விவசாயம்தான் இந்தப் பக்கத்தின் பிழைப்பு. கொஞ்ச தூரத்தில்தான் எலுமிச்சைச் சந்தைக்குப் பேர் போன புளியங்குடி. வயலில் வேலை இல்லாத நாட்களில் இந்த வட்டாரப் பெண்களுக்குக் கைகொடுப்பது பீடி. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், கடையநல்லூர், புளியங்குடி என்று மாவட்டம் முழுக்கத் திண்ணையில் சுளவை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். கடையநல்லூர், புளியங்குடி போன்ற ஊர்களில் வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போகாத முஸ்லிம் பெண்களுக்கு இது பெரிய ஆதாரம்.

இப்படிப்பட்ட ஊர்களில் தவணை நாள் எப்படி விடியும்? வசூலுக்கு ஆள் வருவதற்குள் காசு சேர வேண்டும். சேராவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் போட வேண்டும். "யக்கா, இந்த வாரம் ஒனக்கும் சேத்து நான் போடுதேன், அடுத்த வாரம் எனக்கு நீ போடணும்" என்று பேச்சு நடக்கும். போட முடியாத வாரத்தில் அந்த அக்காவும் இந்தத் தங்கச்சியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரு குழுவின் கடனை அடைக்க இன்னொரு குழுவில் கடன் வாங்குவதும் உண்டு. இதற்குப் பெயர் பொருளாதார மேம்பாடு!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, கட்டக் கட்டக் குறையும் அசலுக்குத்தான் வட்டி, 24 மாதத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 2,640 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் சுமார் 63,400 ரூபாய். ஆயிரம் பீடிக்கு 250 ரூபாய் கூலி, ஒரு நாளைக்கு 600 பீடி, மாதத்தில் 25 நாள் வேலை என்று ஒரு கணக்குக்காக எடுத்துக்கொண்டால் அந்தப் பெண்ணின் மாத வருமானம் 3,750 ரூபாய். கடன் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ போயிருந்தால், அதை அடைக்க மாதத்தில் ஏறக்குறைய 18 நாள் அவள் பீடி சுற்ற வேண்டும். வீட்டுக்கு மிஞ்சுவது ஏழு நாள் கூலி.

"தொழிலுக்குத்தானே கடன் கொடுக்கிறோம், அதில் லாபம் வருமே" என்று அதிகாரிகள் சொல்வார்கள். வரட்டும். வாங்கிய தையல் மெஷினோ ஆடோ மாதம் 2,640 ரூபாய் சம்பாதித்துக் கொடுத்தால், அந்த இரண்டு வருடமும் அவள் கைக்கு வருவது பூஜ்யம். அதற்குமேல் வரும் ரூபாய்தான் அவளுடையது. கடன் முடியும்போது மெஷின் அவளுக்குச் சொந்தம், உண்மைதான். ஆனால் மெஷினுக்குத் தேய்மானம் உண்டு, ஆட்டுக்கு நோய் உண்டு. தவணைக்கு மட்டும் தேய்மானமும் இல்லை, நோயும் இல்லை.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்?

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது 1983-ல். 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1997-98-ல் மாநில அரசின் நிதியில் மகளிர் திட்டம் வந்தது. இன்று குழு இல்லாத தெரு தமிழ்நாட்டில் அபூர்வம்.

இந்தக் குழுக்களால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வங்கி வாசலை மிதிக்காத பெண்கள் மேலாளர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசப் பழகினார்கள். கணக்குப் புத்தகம் எழுதக் கற்றுக்கொண்டார்கள். மணியம், கந்துவட்டிக்காரர் என்று யாரைக் கண்டாலும் ஒதுங்கி நின்றவர்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தார்கள். சின்னச் சேமிப்பு, அவசரத்துக்குக் குழுவுக்குள் கைமாற்று என்று இருந்தவரை அது அவர்களுடைய பணம், அவர்களுடைய தீர்மானம். கோளாறு எங்கே தொடங்கியது என்றால், குழுவின் வேலையே கடன் வாங்குவது என்று ஆன இடத்தில்தான்.

அரசு போட்டுக் கொடுத்த அந்தப் பாதையில் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வண்டி ஓட்ட வந்தன. பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன், வாரா வாரம் வசூல், அடமானம் தேவையில்லை. ஆள் சேர்க்க அலையக்கூட வேண்டாம், குழுக்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன! பக்கத்து மாநிலமான ஆந்திராவில் இது முற்றித் தற்கொலைகள் வரை போய், 2010 அக்டோபரில் அந்த அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. நுண்கடன் அதிகம் புழங்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் முன்வரிசையில் இருக்கிறது. இங்கேயும் 2025 ஏப்ரலில் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேற்ற வேண்டியதாயிற்று. முன்னேற்றம் தரும் என்று கொண்டுவந்த ஒன்றிடமிருந்து பெண்களைக் காப்பாற்றத் தனிச் சட்டம் தேவைப்பட்டது என்றால் என்ன அர்த்தம்?

ரிசர்வ் வங்கியின் விதியையும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுப்பது நுண்கடன். அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதி வரை கடன் தவணைகளுக்குப் போகலாம். பாதி! கட்டுப்பாடு என்ற பெயரில் அனுமதித்திருப்பதே இவ்வளவு. ராயகிரியில் ஒரு விவசாயக் கூலிக் குடும்பம் வருமானத்தில் பாதியைத் தவணைக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியில் அரிசி, எண்ணெய், பஸ், மருந்து எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

வங்கதேசத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். முகமது யூனுஸ் 1976-ல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கியது 1983-ல் கிராமீன் வங்கியாகி, 2006-ல் நோபல் அமைதிப் பரிசும் வாங்கியது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டாமா? போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-ல் ஒன்றாக வெளியாயின. ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளில் நடந்த ஆய்வும் அதில் ஒன்று. அதைச் செய்தவர்களில் இருவர் 2019-ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். நுண்கடனால் ஏழைகளின் வாழ்க்கை தலைகீழாக மாறிவிடவில்லை, ஹைதராபாத்தில் பெண்களின் அதிகாரம் கூடியதற்கும் தடயம் இல்லை என்பதே முடிவு. கடனால் சிலருக்குத் தொழில் கொஞ்சம் வளர்ந்தது, அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் ஆறு நாட்டில் அளந்து சொல்லியிருக்கிறார்கள்.

சிறுபான்மைப் பெண்களுக்கும் அதே மருந்து

சிறுபான்மையினருக்காக 1994-ல் தேசிய சிறுபான்மையினர் மேம்பாடு மற்றும் நிதிக் கழகம் வந்தது. 1999-ல் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் (டாம்கோ) வந்தது. அதன் திட்டங்களின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே விஷயம் புரிந்துவிடும். தனிநபர் கடன், சுய உதவிக் குழுக் கடன், கைவினைக் கலைஞர் கடன், கறவை மாட்டுக் கடன், கல்விக் கடன். முன்னால் வரும் சொல் மாறுகிறது, பின்னால் வரும் சொல் மாறவே இல்லை! வட்டி தனியாரை விடக் குறைவு என்பது உண்மை. ஆனால் வட்டி வாங்குவதும் கொடுப்பதும் மார்க்கத்துக்கு விரோதம் என்று நினைக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு ஆறு சதவீதமும் ஒன்றுதான், இருபத்துநாலும் ஒன்றுதான். அவருக்கென்று வட்டியில்லாத ஒரு வழியைப் பெரிய அளவில் யோசித்தார்களா? பல ஊர்களில் ஜமாஅத்துகள் பைத்துல்மால் வைத்து வட்டியில்லா நகைக் கடன் கொடுக்கின்றன. ஊர்ப் பெரியவர்களால் முடிந்தது அரசாங்கத்தால் முடியாதா?

2005-ல் அமைக்கப்பட்ட சச்சார் குழு 2006 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. முஸ்லிம் பெண்களில் வீட்டிலிருந்தே உழைப்பவர்கள் அதிகம் என்று அது எடுத்துக் காட்டியது. இவர்கள் வேலை இல்லாதவர்கள் அல்லர். காலையிலிருந்து ராத்திரி வரை வேலை பார்ப்பவர்கள். அந்த வேலைக்குச் சரியான கூலி இல்லை, தொழிலாளி என்ற பெயர் இல்லை. அவர்களிடம் போய், "தொழில் தொடங்குங்கள், தையல் மெஷின் தருகிறோம்" என்றால் எப்படி? ஒரு தெருவில் எத்தனை பேர் தைப்பது, யாருக்குத் தைப்பது? ரெடிமேட் துணி சந்தை வரை வந்துவிட்ட காலத்தில்!

செய்கிற வேலைக்குக் கூலி எங்கே?

பீடி சுற்றும் பெண்ணுக்கு இந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் இருந்து சுற்றுபவரும் அதில் தொழிலாளிதான். அந்தச் சட்டம் செல்லும் என்று 1974-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டில் சுற்றுபவருக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. 1976-ல் நல நிதிச் சட்டம் வந்தது. அதில்தான் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும், முக்கூடல் மருத்துவமனை போன்ற வசதிகளும் கிடைத்தன. அந்த நிதிக்கு வருமானமாக இருந்த பீடி மீதான தீர்வை, 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ரத்தாகிவிட்டது. 1966 சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது.

சட்டம் காகிதத்தில் இருக்க, திண்ணையில் நடப்பது வேறு. இலையும் தூளும் கடையில் எடைபோட்டுக் கொடுப்பார்கள். இலை சரியில்லாமல் பற்றாக்குறை ஆனால் அவளே காசு கொடுத்து வாங்கிச் சுற்ற வேண்டும். சுற்றிக் கொண்டுபோனால் "இது சரியில்லை" என்று ஒரு பகுதியைக் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. ஒரு பாஸ்புத்தகத்தில் மூன்று பேர் சுற்றுவார்கள், பி.எஃப். ஒருவர் பெயருக்குத்தான் ஏறும். பெயரே இல்லாமல் சுற்றுபவர்களும் உண்டு. புகையிலைத் தூளை மூச்சில் வாங்கிக்கொண்டு இருமுவது மட்டும் எல்லோருக்கும் பொது.

இப்போது பழைய கணக்குக்குத் திரும்பலாம். அதே பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு 50 ரூபாய் கூலி உயர்ந்தால் மாதம் 750 ரூபாய், வருடம் 9,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு ஜாமீன் வேண்டாம், தவணை வேண்டாம், வட்டி வேண்டாம். ஐம்பதாயிரம் கடனில் அவள் கட்டும் வட்டி மட்டுமே இரண்டு வருடத்தில் 13,000 ரூபாய்க்கு மேல். எது மேம்பாடு? எந்த மேடையிலாவது கூலி உயர்வை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றதுண்டா? நிற்க மாட்டார்கள். கடன் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, கூலி கேட்டால் முதலாளியிடம் பேச வேண்டும்!

விவசாயக் கூலிப் பெண்ணின் நிலையும் இதுதான். 2005-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்த நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு மட்டும். 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக நிறைவேறிய 125 நாள் சட்டமும் கிராமப்புறத்துக்குத்தான். ராயகிரி பேரூராட்சி. பெயரில் நகர்ப்புறம், பிழைப்பில் வயல்காடு. பக்கத்துக் கிராம ஊராட்சியில் உள்ள பெண்ணுக்குச் சட்டப்படி கிடைக்கும் வேலை, பலகையில் "பேரூராட்சி" என்று எழுதியிருப்பதால் இவளுக்கு இல்லை. 2021-ல் அறிவித்த நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் சோதனை முயற்சியாகச் சில பேரூராட்சிகளோடு நின்றது. வேலை கேட்டால் எல்லைக்கோடு குறுக்கே நிற்கிறது. கடனுக்கு மட்டும் எந்த எல்லையும் இல்லை, வீட்டு வாசலுக்கே வரும்.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது, அதுவும் கண் முன்னாலேயே. 1972-ல் அகமதாபாத்தில் இளா பட் "சேவா" அமைப்பைத் தொடங்கினார். தலையில் சுமை தூக்கும் பெண்கள், தெரு வியாபாரிகள், பீடி சுற்றுபவர்கள் அதில் சேர்ந்தார்கள். முதலில் அதைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்தார்கள். வங்கி வந்தது 1974-ல். முதலில் சங்கம், பிறகு வங்கி! கூலி பேசத் தெரிந்த பெண்ணின் கையில் கடன் ஒரு கருவி. கூலி பேச முடியாத பெண்ணின் கழுத்தில் அது கயிறு. சேவாவைப் புகழ்ந்து பேசும் நம்மவர்கள் அதன் வங்கியை மட்டும் எடுத்துக்கொண்டு சங்கத்தை விட்டுவிட்டார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 1966 சட்டத்தை அமல்படுத்தப் போகிறார்கள் என்றதும், பெரிய பீடி நிறுவனங்கள் கடையை மூடிக்கொண்டு போயின. வேலை இழந்தவர்களைச் சேர்த்து 1969-ல் கண்ணூரில் தினேஷ் பீடி கூட்டுறவு தொடங்கியது. சட்டப்படியான கூலி, விடுப்பு, போனஸ், பி.எஃப். எல்லாம் கொடுத்தும் அது நஷ்டமாகி மூடிப்போகவில்லை. "பீடியே உடம்புக்குக் கேடு, அதற்கு ஏன் வக்காலத்து?" என்று கேட்பவர்களுக்கும் அங்கே பதில் உண்டு. பீடி வியாபாரம் தேயத் தொடங்கியதும் அதே கூட்டுறவு குடை, உணவுப் பொருள், கம்ப்யூட்டர் மென்பொருள் என்று வேறு தொழில்களுக்குக் கிளை விட்டது. தொழிலாளியைக் கடனாளியாக்கித் தெருவில் விடாமலேயே தொழிலை மாற்ற முடியும்.

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டிலேயே 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது ஊர் ஊராகப் பெண்களுக்குச் சமையல் வேலை கிடைத்தது. பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களிடம் தைக்கக் கொடுப்பதும் நம் மாநிலம்தான். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள். 2021-ல் வந்த கட்டணமில்லா பஸ் பயணம் செலவைக் குறைத்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய உரிமைத்தொகை கையில் காசாக வந்தது, திருப்பிக் கேட்கவில்லை. இவற்றில் சம்பளம் போதாது, மதிப்பூதியம் என்ற பெயரில் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்ற குறைகள் நியாயமானவை. ஆனாலும் இவை எல்லாம் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியவை. குழுவுக்கு ஆர்டர் கொடுத்தால் அது தொழில். குழுவுக்குக் கடன் மட்டும் கொடுத்தால் அது வசூல்.

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. மாவட்டந்தோறும் "இவ்வளவு கடன் கொடுத்தோம்" என்று வெளியிடும் கணக்கோடு, மூன்று வருடம் கழித்து அந்தப் பெண்களின் வருமானம் எவ்வளவு கூடியது என்ற கணக்கையும் வெளியிட வேண்டும். பீடி சுற்றும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயரிலேயே பாஸ்புத்தகமும் பி.எஃப். எண்ணும் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்க வேண்டும். கடன் வசூலிக்க வீடு தேடி வர முடிகிறது, இதற்கு வர முடியாதா? ராயகிரி மாதிரி விவசாயப் பேரூராட்சிகளுக்கு வேலை உறுதி வேண்டும். வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு வட்டியில்லா நிதி வேண்டும். பள்ளி, விடுதி, ஆஸ்பத்திரிக்குத் தேவையானவற்றில் ஒரு பங்கை அந்தந்த ஊர்க் குழுக்களிடம் வாங்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் முதல் கேள்வியாக "தவணை கட்டியாச்சா?" என்று கேட்கிறார்கள். என்றைக்கு அந்த இடத்தில் "இந்த வாரம் கூலி எவ்வளவு வந்தது, எவ்வளவு கழித்தார்கள்?" என்று கேட்கிறார்களோ, அன்றைக்குத்தான் அந்தக் கூட்டத்துக்கு மகளிர் மேம்பாடு என்ற பெயர் பொருந்தும். அதுவரை அந்த அட்டைக் காசோலையின் மேல் "கடன்" என்பதைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கட்டும். கைதட்டுபவர்களுக்காவது எதற்குக் கைதட்டுகிறோம் என்று தெரியட்டும்!